ஏர்செல் கண்ட ஏற்றமும் இறக்கமும்



பிறந்த ஊரை விட்டுப் பிற மாநிலத்துக்குக் குடிபெயரும் தமிழர், தம்முடன் எடுத்துச் செல்லும் பொருள்கள் சில உண்டு. குலதெய்வத்தின் படம், ஊறுகாய் ஜாடி, உறவினர் முகவரிகள் எழுதிய ஒரு சிறு குறிப்பேடு ஆகியவை முந்தைய தலைமுறையின் மூட்டையில் தவறாமல் இருந்தன. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் புறப்பட்டவர்களோ இவற்றோடு இன்னொன்றையும் எடுத்துச் சென்றனர். அது பத்து இலக்கங்கள் கொண்ட ஒரு கைபேசி எண். மும்பை மாதுங்காவில் வாழ்ந்தாலும், டில்லி கரோல்பாகில் வாழ்ந்தாலும், கல்கத்தாவின் லேக் மார்க்கெட் வட்டாரத்தில் வாழ்ந்தாலும், ஊரில் வாங்கிய எண்ணை மாற்ற மனம் வராதவர் பலர். தாய்க்கும் தமக்கைக்கும் மனப்பாடமான எண் அது. ஊர் வங்கிக் கணக்கிலும் பள்ளி நண்பர் நினைவிலும் பதிந்த எண்ணும் அதுவே.

அந்த எண்ணை வழங்கிய கம்பெனியே ஒருநாள் மூடப்பட்டுவிட்டால் என்ன ஆகும்? இது வெறும் கற்பனைக் கேள்வியன்று. 2018-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், தமிழ்நாட்டில் தோன்றி நாடெங்கும் பரவிய ஏர்செல் என்ற கம்பெனி ஓய்ந்தபோது, எண்ணற்ற குடும்பங்கள் இக்கேள்வியை எதிர்கொண்டன. அக்கம்பெனி எவ்வாறு எழுந்தது, எதனால் வீழ்ந்தது, அதன் வீழ்ச்சி வெளிமாநிலத் தமிழருக்கு உணர்த்துவது யாது என்பனவே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

இக்கதையைச் சொல்வதற்கு ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில் உள்ள கங்காதர நெல்லூர் நல்லதோர் இடம். பெயரைக் கேட்டதும் கடற்கரையை அடுத்த நெல்லூரை எண்ணிவிட வேண்டாம். இது சித்தூர் நகருக்கு அருகே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய வட்டாரத்தில் உள்ள ஊர். 1911-இல் தனி மாவட்டமாகும் வரை சித்தூர்ச் சீமை வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. சித்தூரே அம்மாவட்டத்தின் தலைநகராகவும் விளங்கியது. 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது; சித்தூர் ஆந்திரத்தில் நின்றது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்த பின்னரும் கங்காதர நெல்லூர் சித்தூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. வரைபடத்தில் கோடு தெளிவாக இருக்கிறது. வாழ்க்கையில் அவ்வளவு தெளிவாக இல்லை. வைத்தியத்துக்கு வேலூர் செல்வதும், எல்லைக்கு அப்பால் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதும், ஒரே வீட்டில் தமிழும் தெலுங்கும் பேசுவதும் இப்பக்கத்து வழக்கம்.

கைபேசி வந்தபோது இந்த எல்லைக்கோடு மீண்டும் தலைகாட்டிற்று. அரசாங்கம் நாட்டைப் பல தொலைத்தொடர்பு வட்டங்களாகப் பிரித்தது. பெரும்பாலும் மாநில எல்லையே வட்டத்தின் எல்லை. ஒரு வட்டத்தில் தொழில் நடத்த உரிமம் பெற்ற கம்பெனி, அடுத்த வட்டத்தில் கால் வைக்க வேண்டுமாயின் தனி உரிமம் பெற வேண்டியிருந்தது. கங்காதர நெல்லூர் ஆந்திர வட்டம். சில கல் தொலைவில் உள்ள பள்ளிப்பட்டு தமிழ்நாட்டு வட்டம். ஆனால் வானலைகளுக்கு வட்டமும் தெரியாது, மாவட்டமும் தெரியாது. எல்லையோரத்து வயலில் நிற்பவரின் கைபேசி, ஒரு வரப்பில் ஒரு மாநிலத்துக் கோபுரத்தையும் மறு வரப்பில் மற்றொரு மாநிலத்துக் கோபுரத்தையும் பற்றிக்கொள்ளும். அடுத்த மாநிலத்துக் கோபுரத்தைப் பற்றிய அக்கணமே அவர் 'ரோமிங்' என்னும் வெளிவட்டக் கட்டணத்துக்கு உரியவராகிவிடுவது அந்நாளைய நிலை. தம் நிலத்தை விட்டு அகலாமலே வெளியூர்க்காரராகும் விந்தை இது.

கைபேசி வேலை செய்யும் முறையில் ஒரு நுட்பத்தை இங்கே சொல்லிவிட வேண்டும்; பின்னால் அது நமக்குத் தேவைப்படும். ஒவ்வோர் எண்ணுக்கும் அதனை நடத்தும் கம்பெனியின் கணினியில் ஒரு பதிவேடு உண்டு. அதைத் தாய்வீட்டுப் பதிவேடு என்று சொல்லலாம். நீங்கள் சூரத்துக்குச் சென்று கைபேசியைத் திறந்தால், அங்குள்ள கோபுரத்துக்குரிய கம்பெனி உங்கள் தாய்வீட்டுப் பதிவேட்டைக் கேட்கிறது: இவர் உங்களவர்தாமா, இவருக்குச் சேவை தரலாமா, என்று. அங்கிருந்து 'ஆம்' என்ற விடை வந்த பிறகே உங்கள் கைபேசிக்கு உயிர் வரும். ஆகவே எத்தனை நூறு கல் தொலைவில் இருந்தாலும் கைபேசியின் வேர் தாய்வீட்டில்தான் இருக்கிறது.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1994-ஆம் ஆண்டுத் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை தனியார் கம்பெனிகளுக்குக் கதவைத் திறந்தது. 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டில்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசியதே இந்நாட்டின் முதல் கைபேசி உரையாடல். அந்நாளில் ஒரு நிமிடப் பேச்சுக்கு 8 ரூபாய் 40 காசு. நெரிசல் வேளையில் 16 ரூபாய் 80 காசு. அழைப்பவர் மட்டுமன்றி, அழைப்பை ஏற்பவரும் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. கைபேசி அப்போது செல்வரின் சட்டைப் பைக்கு அணிகலனாக இருந்ததே தவிர, உழைப்பவரின் கருவியாக இருக்கவில்லை.

இச்சூழலில் சின்னக்கண்ணன் சிவசங்கரன் என்ற தமிழ்த் தொழிலதிபர் இத்துறையில் இறங்கினார். 1980-களில் ஸ்டெர்லிங் கம்ப்யூட்டர்ஸ் என்ற பெயரில் மலிவு விலைக் கணினிகளை விற்றுப் பெயர் பெற்றவர் அவர். அவருடைய ஏர்செல் 1999-இல் தமிழ்நாட்டு வட்டத்தில் சேவையைத் தொடங்கிற்று. சென்னை மாநகர் அப்போது தனி வட்டம். ஆகவே ஏர்செல்லுக்குக் கிடைத்தது மாநகர் நீங்கிய தமிழ்நாடு. தலையை விட்டு உடலை வாங்கியது போன்றது இது என்று சிலர் எண்ணியிருக்கலாம். ஆனால் அந்த உடலில்தான் கோவை இருந்தது, மதுரை இருந்தது, திருச்சி இருந்தது, சேலம் இருந்தது. நெசவும் பின்னலாடையும் பட்டாசும் லாரித் தொழிலும் நடக்கும் ஊர்கள் அங்கேதான் இருந்தன. பேச வேண்டிய அவசியம் மிகுந்தவர்கள் அவ்வூர்களில் இருந்தார்கள்.

காலமும் துணை செய்தது. அதே 1999-இல் வந்த புதிய தொலைத்தொடர்புக் கொள்கை, முன்கூட்டியே பெருந்தொகையை உரிமக் கட்டணமாகக் கட்டும் முறையை மாற்றி, வருமானத்தில் ஒரு பங்கை அரசாங்கத்துக்குச் செலுத்தும் முறையைக் கொண்டுவந்தது. மூச்சுத் திணறிக்கொண்டிருந்த கம்பெனிகள் இதனால் பிழைத்தன. 2003-ஆம் ஆண்டு மே மாதத்தில் உள்வரும் அழைப்புகளுக்குக் கட்டணம் நீங்கியது. அந்த ஒரு மாறுதல் கைபேசியை ஏழையின் கைக்குக் கொண்டு சேர்த்தது எனலாம். கூப்பிடக் காசில்லாதவரும், கூப்பிட்டால் எடுத்துப் பேசலாம் என்ற நிலை பிறந்தது. கொத்தனாரும் ஆட்டோ ஓட்டுநரும் பூ விற்கும் பெண்மணியும் கைபேசி வாங்கினர். பெட்டிக்கடையில் முன்பணம் கட்டி 'ரீசார்ஜ்' செய்துகொள்ளும் வழக்கம் ஊர்தோறும் பரவியது.

இந்த அலையை ஏர்செல் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது. சிறு நகரங்களிலும் கிராமங்களிலும் கோபுரங்களை நாட்டிற்று. சிறு தொகை கட்டுபவரையும் வாடிக்கையாளராக மதித்தது. தமிழ்நாட்டு வட்டத்தில் முதலிடத்துக்கு வந்தது. 2003-இல் சென்னையில் சேவை நடத்திவந்த ஆர்.பி.ஜி. செல்லுலார் கம்பெனியையும் விலைக்கு வாங்கித் தலையையும் உடலையும் ஒன்று சேர்த்தது. தான் அறிந்த மண்ணில், தான் அறிந்த மக்களுக்கு, தாங்கக்கூடிய அளவில் தொழில் செய்தபோது அது செழித்தது. இவ்வுண்மையை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

2005-இல் மத்திய அரசு தொலைத்தொடர்புக் கம்பெனிகளில் அந்நிய முதலீட்டின் வரம்பை 49 விழுக்காட்டிலிருந்து 74 விழுக்காடாக உயர்த்தியது. அவ்வாண்டு இறுதியில் மலேசியாவின் மாக்சிஸ் கம்பெனி ஏர்செல்லின் 74 விழுக்காட்டுப் பங்குகளை வாங்க ஒப்பந்தம் செய்தது. 2006-இல் அது நிறைவேறியது. மாக்சிஸின் அதிபர் ஆனந்த கிருஷ்ணன், யாழ்ப்பாணத் தமிழ் மரபில் கோலாலம்பூரில் பிறந்து பெருஞ்செல்வரானவர். 2024 நவம்பரில் மறைந்தார். எஞ்சிய 26 விழுக்காடு, அப்போலோ மருத்துவமனைகளை நிறுவிய டாக்டர் பிரதாப் சி. ரெட்டியின் குடும்பத்தாரைச் சார்ந்த முதலீட்டு நிறுவனத்துக்குச் சென்றது. டாக்டர் ரெட்டி பிறந்த அரகொண்டா, கங்காதர நெல்லூர் இருக்கும் அதே சித்தூர் மாவட்டத்து ஊர். இவ்வாறு தமிழ்நாட்டில் தோன்றிய கம்பெனியின் உரிமை, கோலாலம்பூர்த் தமிழர் ஒருவருக்கும் சித்தூர்ச் சீமையில் வேர்கொண்ட ஒரு குடும்பத்துக்கும் உரியதாயிற்று. இவ்விற்பனைக்குத் தாம் நெருக்கப்பட்டதாக நிறுவனர் பின்னாளில் புகார் கூறியதும், மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குத் தொடர்ந்ததும், 2017 பிப்ரவரியில் டில்லித் தனி நீதிமன்றம் அவ்வழக்கின் எதிரிகளைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்ததும் செய்தித்தாள்களில் விரிவாக வெளிவந்தவை.

புதிய உரிமையாளரிடம் பணம் இருந்தது, ஆசையும் இருந்தது. 2006 இறுதியில் மேலும் பல வட்டங்களுக்கு உரிமம் கிடைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஏர்செல் காஷ்மீரம் முதல் குமரி வரை விரிந்தது. ஆந்திர வட்டத்திலும் சேவை வந்தது. சென்னை சூப்பர் கிங்ஸ் வீரர்களின் சட்டையில் ஏர்செல்லின் பெயர் ஒளிர்ந்தது. சென்னை டென்னிஸ் போட்டியும் சில ஆண்டுகள் அதன் பெயரைத் தாங்கிற்று. நாட்டில் 1,411 புலிகளே எஞ்சியுள்ளன என்று 2010-இல் அது செய்த விளம்பரம் பட்டிதொட்டியெல்லாம் பேசப்பட்டது. வெளித்தோற்றத்துக்கு இது வெற்றியின் உச்சம்.

ஆனால் 'அகலக் கால் வைக்காதே' என்று நம் பெரியோர் சொன்னதற்குப் பொருள் இங்கே விளங்கும். ஒரு கைபேசிக் கம்பெனிக்குப் பெருஞ்செலவு முதலில் வருகிறது. வருமானம் பின்னால், சிறுகச் சிறுக வருகிறது. புதிய வட்டம் ஒவ்வொன்றிலும் கோபுரம், கருவி, மின்சாரம், டீசல், ஆட்கள், விளம்பரம் என்று முதலைக் கொட்டிய பின்னரே முதல் வாடிக்கையாளர் வருவார். அங்கே ஏற்கெனவே வேரூன்றியவர்கள் பலர் இருந்தனர். ஒரே வட்டத்தில் பத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகள் போட்டியிட்ட காலம் அது. 2009-இல் டாட்டா டோகோமோ ஒரு விநாடிக்கு ஒரு காசு என்று கட்டணத்தைக் குறைத்தபோது, மற்றவர்களும் அதே வழியில் செல்ல நேர்ந்தது. மக்களுக்கு அது நன்மை. புதிதாக வந்து கடன் சுமந்து நின்ற கம்பெனிகளுக்கோ பெருந்துன்பம்.

2010-ஆம் ஆண்டின் கணக்கைச் சற்றே பாருங்கள். அவ்வாண்டு தொடக்கத்தில் ஏர்செல் தனது 17,500 கோபுரங்களை ஜி.டி.எல். இன்ப்ராஸ்டிரக்சர் கம்பெனிக்கு 8,400 கோடி ரூபாய்க்கு விற்க ஒப்புக்கொண்டது. சொந்த வீட்டை விற்றுவிட்டு அதே வீட்டில் வாடகைக்குக் குடியிருப்பது போன்ற ஏற்பாடு இது. கையில் ரொக்கம் வரும். ஆனால் மாதந்தோறும் வாடகை கட்ட வேண்டும். அதே ஆண்டில் அரசாங்கம் மூன்றாம் தலைமுறை அலைக்கற்றையை ஏலம் விட்டது. ஏர்செல் 13 வட்டங்களுக்குச் சுமார் 6,500 கோடி ரூபாய் கொடுத்தது. தமிழ்நாடும் ஆந்திரமும் அவற்றுள் அடங்கும். அதை அடுத்து நடந்த அகன்ற அலைவரிசை ஏலத்தில் 8 வட்டங்களுக்கு மேலும் 3,400 கோடிக்கு மேல் கொடுத்தது. வீடு விற்ற பணத்தைவிட மிகுதியான தொகை, வானலையின் உரிமைக்கே சென்றது. அந்த அகன்ற அலைவரிசையைப் பெரிய அளவில் பயன்படுத்த இயலாமலே, ஆறாண்டு கழித்து 2016-இல், ஏறத்தாழ வாங்கிய விலைக்கே, 3,500 கோடி ரூபாய்க்கு, ஏர்டெல் கம்பெனிக்குக் கைமாற்ற வேண்டியதாயிற்று. இடைப்பட்ட ஆறாண்டு வட்டியை யார் தருவார்?

2016 செப்டம்பர் 5 அன்று ரிலையன்ஸ் ஜியோ சந்தைக்கு வந்தது. பேச்சுக்குக் கட்டணமே இல்லை என்றது. பேச்சுக்கான காசையே முதன்மை வருமானமாகக் கொண்டிருந்த கம்பெனிகளின் அடித்தளம் ஆடியது. அதே மாதத்தில் ஏர்செல்லும் அனில் அம்பானியின் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸும் ஒன்றிணைவதாக அறிவித்தன. இரண்டும் கடன் சுமந்தவை. ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளலாம் என்பது எண்ணம். ஓராண்டு கழிந்தும் அது நிறைவேறவில்லை. 2017 அக்டோபர் முதல் நாள் அத்திட்டம் கைவிடப்பட்டது. அதன்பின் புதிய முதல் எங்கிருந்தும் வரவில்லை.

முடிவு விரைந்து வந்தது. 2018 ஜனவரி இறுதிக்குள் குஜராத், மகாராஷ்டிரம், அரியானா, இமாசலப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், மேற்கு உத்தரப் பிரதேசம் ஆகிய ஆறு வட்டங்களில் சேவை நிறுத்தப்பட்டது. பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் தாயகமான தமிழ்நாட்டிலேயே கைபேசிகள் ஊமையாயின. கோபுரக் கம்பெனிக்கு நிலுவை. பிற கம்பெனிகளுக்குத் தர வேண்டிய இணைப்புக் கட்டணத்தில் நிலுவை. 'தொடர்பு இல்லை' என்ற எழுத்துகளே திரையில் நின்றன. பிப்ரவரி 28 அன்று மும்பையில் உள்ள தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் ஏர்செல் திவால் மனு அளித்தது. கடன் சுமார் 15,500 கோடி ரூபாய் எனச் சொல்லப்பட்டது. மார்ச் மாதத்தில் மனு ஏற்கப்பட்டது. முந்தைய ஆண்டின் முடிவில் எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட இணைப்புகளைக் கணக்கில் வைத்திருந்த கம்பெனி அது.

அந்த நாட்களில் தமிழ்நாட்டு நகரங்களில் ஏர்செல் கடைகளின் முன் மக்கள் நீண்ட வரிசையில் நின்றதை நேயர்கள் நாளிதழ்களில் பார்த்திருப்பீர்கள். எண்ணை மாற்றாமல் கம்பெனியை மாற்றிக்கொள்ளும் உரிமை 2011 ஜனவரி முதல் நாடெங்கும் உண்டு. 2015 ஜூலை முதல் ஒரு வட்டத்து எண்ணை வேறு வட்டத்துக்கும் கொண்டு செல்லலாம். பெரும் பேறான சட்டங்கள் இவை. ஆயினும் அவ்வுரிமையைப் பயன்படுத்த ஒரு குறியீட்டு எண் வேண்டும். 'போர்ட்' என்ற சொல்லையும் தம் எண்ணையும் எழுதி 1900-க்குச் செய்தி அனுப்பினால், பழைய கம்பெனியின் வழியாக அந்தக் குறியீடு வரும். பழைய கம்பெனியின் கோபுரமே அணைந்துவிட்டால் செய்தி எவ்வாறு போகும்? குறியீடு எவ்வாறு வரும்? வீடு தீப்பற்றும்போது வெளியேறும் வாயிலின் சாவி, எரியும் அறைக்குள்ளேயே இருந்தது போன்ற நிலை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் தலையிட்டு, எண் மாற்றத்துக்கு 2018 ஏப்ரல் 15 வரை வழிசெய்யுமாறு பணித்தது. பலர் அதனால் தப்பினர்.

வெளிமாநிலத்தில் இருந்த தமிழரின் துன்பம் இதனினும் ஒருபடி மிகுதி. முன்னே சொன்ன தாய்வீட்டுப் பதிவேட்டை நினைவில் கொள்ளுங்கள். வேறொரு கம்பெனியின் கோபுரம் பெங்களூரிலோ புனாவிலோ முழு வலுவோடு ஒளிபரப்பிக்கொண்டிருந்தாலும் பயனில்லை. 'இவர் உங்களவர்தாமா?' என்ற வினாவுக்கு விடை சொல்ல வேண்டிய தாய்வீடு தடுமாறும்போது, தொலைவில் இருக்கும் கைபேசியும் தடுமாறத்தான் செய்யும். தமிழ்நாட்டு எண்ணாகவே அதனை வைத்துக்கொள்ள வேண்டுமாயின் ஊருக்கு வந்து விண்ணப்பிக்க வேண்டும். இருக்கும் இடத்து வட்டத்துக்கு மாற்றிக்கொள்ளவோ அந்தக் குறியீடு வந்தாக வேண்டும். கங்காதர நெல்லூர் போன்ற எல்லையோர ஊர்களில் தமிழ்நாட்டுச் சிம் அட்டையை வைத்துக்கொண்டவர்களும் இதே இக்கட்டுக்கு உரியவர்களே. அவர்களுக்கு ஊரின் கடைத்தெரு ஒரு வட்டம். எண்ணின் தாய்வீடு மற்றொரு வட்டம்.

இதற்குள் கைபேசி எண் வெறும் பேச்சுக் கருவியாக இல்லாமற்போயிருந்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வங்கியிலிருந்து பணம் அனுப்ப ஒருமுறைக் கடவுச்சொல் அந்த எண்ணுக்கே வருகிறது. எரிவாயு உருளைக்குப் பதிவு செய்வது அதன்வழியே. ஆதார் அட்டையோடு பிணைக்கப்பட்டிருப்பதும் அதுவே. எண் ஊமையானால் ஒருவர் தம் பணத்தைத் தாமே எடுக்க இயலாதவராகிறார். 1999-இல் கம்பெனி ஒன்று மூடியிருந்தால் பேச்சு நின்றிருக்கும். 2018-இல் மூடியபோது பலருடைய வரவு செலவே நின்றது.

மூடிய கம்பெனியின் கணக்கில் முதன்மையாகப் பேசப்படுபவர்கள் கடன் கொடுத்த வங்கிகள். அடுத்து அரசாங்கத்துக்கு உரிய நிலுவை. 2020 ஜூனில் தீர்ப்பாயம் ஒரு சீரமைப்புத் திட்டத்தை ஏற்றது. எனினும் ஏலத்தில் எடுத்த அலைக்கற்றை கம்பெனியின் சொத்தா, நாட்டின் சொத்தா, அதை விற்றுக் கடனை அடைக்கலாமா என்ற வினா உச்ச நீதிமன்றம் வரை சென்றது. இப்பெரிய வழக்குகளின் ஓசையில் சிறியவர்களின் குரல் எழும்புவதில்லை. முன்பணம் கட்டி ரீசார்ஜ் இருப்பை வாங்கி வைத்திருந்த பெட்டிக்கடைக்காரர், சம்பளம் நம்பி வீட்டுக் கடன் எடுத்திருந்த ஊழியர், ஐம்பது நூறு ரூபாய் இருப்பு வைத்திருந்த வாடிக்கையாளர் ஆகியோரின் நட்டம் தனித்தனியே சிறிது. சேர்த்துப் பார்த்தால் சிறிதன்று.

இவ்வீழ்ச்சிக்குக் காரணம் யார்? ஜியோ என்பார் சிலர். அரசாங்கத்தின் ஏல விலை என்பார் சிலர். கைமாறிய உரிமை என்பார் வேறு சிலர். ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் ஜியோ வருவதற்கு ஆறாண்டு முன்னரே வீட்டை விற்று வானலை வாங்கிய கணக்கை நாம் பார்த்தோம். புயல் வீழ்த்தியது உண்மையே. ஆனால் ஆணிவேர் ஓரிடத்தில் இருக்க, கிளைகளை நாடெங்கும் பரப்பிய மரமாக அது நின்றதும் உண்மை. ஏர்செல் தனித்து விழவும் இல்லை. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ், டாட்டா, டெலினார் என்று ஒன்றன்பின் ஒன்றாக அதே காலத்தில் கைபேசிச் சேவையை விட்டு நீங்கின. அதே போட்டிதான் நிமிடத்துக்கு 16 ரூபாயாக இருந்த பேச்சைக் கிட்டத்தட்ட இலவசமாக்கியது என்பதையும் மறத்தல் நேர்மையாகாது. மலிவை நாம் அனைவரும் விரும்பி ஏற்றோம். ஆனால் பத்துக் கடைகள் இருந்த தெருவில் மூன்று நான்கு கடைகளே எஞ்சினால், பின்னாளில் விலையை நிர்ணயிப்பவர் யார் என்ற கேள்வியும் அந்த மலிவோடு சேர்ந்தே வந்தது.

நேயர்களே, இந்த வரலாற்றிலிருந்து நாம் செய்துகொள்ள வேண்டிய காரியங்கள் சில உண்டு.

முதலாவது, எண் நமக்குச் சொந்தமன்று என்பதை அறிதல். எண்களை வகுத்து ஒதுக்குவது அரசாங்கம். அதைக் கம்பெனி பெற்று நமக்குப் பயன்படுத்தத் தருகிறது. ஆகவே வாழ்க்கை முழுவதையும் ஒரே எண்ணில் கட்டிவைத்தல் தகாது. வங்கிக் கணக்கு ஊரில் இருந்தாலும், நீங்கள் வாழும் இடத்தில் ஐயமின்றி இயங்கும் எண்ணை அதில் பதிவு செய்துகொள்ளுங்கள். வீட்டில் இருவர் இருந்தால் இருவரும் ஒரே கம்பெனியின் இணைப்பை வைத்துக்கொள்ளாதிருப்பது நலம்.

இரண்டாவது, அறிகுறிகளைக் கவனித்தல். கம்பெனி அண்டை மாநிலங்களில் சேவையை நிறுத்துகிறது, ரோமிங்கில் அடிக்கடி தொடர்பு அறுகிறது என்று கேள்விப்பட்டால் காத்திராமல் அப்போதே மாறிவிடுங்கள். ஏர்செல் ஆறு வட்டங்களை மூடியது ஜனவரியில். தமிழ்நாட்டில் ஊமையானது பிப்ரவரியில். இடையில் கிடைத்த அந்தச் சில வாரங்களைப் பயன்படுத்திக்கொண்டவர்கள் வரிசையில் நிற்கவில்லை.

மூன்றாவது, நாம் ஒன்றுபட்டுக் கேட்க வேண்டியது. கம்பெனி நொடிந்தாலும் அதன் உதவியின்றியே எண்ணை மாற்றிக்கொள்ளும் வழி முன்கூட்டியே அமைந்திருக்க வேண்டும். வங்கி நொடிந்தால் வைப்புத் தொகைக்குக் காப்பீடு இருப்பதுபோல, எண்ணுக்கும் ஒரு காப்பு வேண்டும். வெளிமாநிலங்களில் உள்ள தமிழ்ச் சங்கங்கள் விழா நடத்துவதோடு நில்லாமல், இத்தகைய பொது நலன்களையும் ஒழுங்குமுறை ஆணையத்தின் முன் எடுத்துச் சொல்லலாம். ஆணையம் புதிய விதிகளை வகுக்கும் முன் பொதுமக்களின் கருத்தைக் கேட்பது வழக்கமாகவே இருக்கிறது.

இறுதியாக மிக எளிய ஒன்று. உங்கள் பெற்றோரிடமும் உடன்பிறந்தாரிடமும் உங்கள் இரண்டு எண்களையும், அண்டை வீட்டார் ஒருவரின் எண்ணையும், நீங்கள் வாழும் இடத்தின் முழு முகவரியையும் தாளில் எழுதிக் கொடுத்துவையுங்கள். கைபேசியின் நினைவில் மட்டும் இருப்பது கைபேசியோடு போய்விடும். அஞ்சல் அட்டையில் எழுதத்தக்க ஒரு முகவரி, எந்தக் கம்பெனி மூடினாலும் செல்லுபடியாகும்.